தங்கம் ஒட்டிய வெள்ளித் தகடு: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பக்கம் பொன்மஞ்சள், மறுபக்கம் வெள்ளை. கையில் எடுத்தால் ஒரே தகடு. வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இரண்டு உலோகத்தையும் நேராக ஒட்டவைத்தது இது. நடுவே பற்றாசு (உலோகத் துண்டுகளை இணைக்க உருக்கி ஓட்டும் சோல்டர்) கிடையாது, முலாமும் அல்ல. பெரும்பாலும் மேலே 22 காரட் அல்லது 18 காரட் தங்கமும், கீழே 92.5 வெள்ளியும் இருக்கும். வெள்ளி வேலை தெரிந்தவருக்கு, வழக்கம்போல வேலையைத் தொடங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். முக்கால்வாசிக் கோளாறு அந்த 'வழக்கம்போல'வில் இருந்துதான் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். 0.64 மி.மீ. தகட்டில் தங்கத்தின் பங்கு 5 சதவீதம் என்றால் தங்கப் படலம் 0.032 மி.மீ. 10 சதவீதம் என்றாலும் 0.064 மி.மீ.தான். அந்தத் தகட்டை ரோலிங் மில்லில் விட்டுப் பாதியாக மெலித்தால் தங்கமும் பாதியாகிவிடும். வெள்ளியில் 'அப்புறம் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டுவைக்கிற ஒரு கீறல், இங்கே தங்கத்தின் முழு ஆழமாக இருக்கக்கூடும். அதனால் தகடு வாங்கும்போது மொத்தத் தடிமனை மட்டும் கேட்காமல், அதில் தங்கம் எத்தனை பங்கு என்றும் கேட்டுக் குறித்துவையுங்கள். எதைச் சரிசெய்யலாம், எதைக் கைவிட வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

தங்கப் பக்கத்தில் நிறம் கெட்டுவிட்டால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் மூன்று கேள்வி: தங்கத்தின் மேல் ஏதாவது ஏறியிருக்கிறதா? தங்கம் தேய்ந்துவிட்டதா? அல்லது வெள்ளிக்குள் கலந்துவிட்டதா? ஏறியது இறங்கும். தேய்ந்ததை ஓரளவு மூடலாம். கலந்தது திரும்பாது. தேய்க்க ஆரம்பித்துவிட்டால் முதல் வகைக் கோளாறும் இரண்டாவது வகை ஆகிவிடும்.

மூன்றில் எது என்று பிரித்தறியச் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. வெள்ளியைக் கறுக்க வைக்க, லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற பெயரில் விற்கும் கந்தகக் கரைசலில் ஒரே ஒரு சொட்டு போதும். சந்தேகமான இடத்தைச் சமையல் சோடாவும் தண்ணீரும் விட்டு எண்ணெய்ப்பசை இல்லாமல் கழுவி, வெதுவெதுப்பான, நீர்த்த கரைசலில் ஒரு சொட்டை வைத்து, அரை நிமிடத்தில் கழுவிவிடுங்கள். வெள்ளி வெளியே தெரிந்தால் அந்த இடம் பழுப்பேறிக் கறுக்கும். நல்ல 22 காரட் தங்கம் அசையாது. வெள்ளி கலந்த தங்கம் மெதுவாக, மங்கலாகப் பழுப்பேறும். செம்பும் கறுக்கும்தான்; ஆனால் அதன் சிவப்பை முன்பே கண்ணால் பார்த்திருப்பீர்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கந்தகக் கரைசல் ஒருபோதும் அமிலத்தில் கலக்கக் கூடாது; கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். கறுப்பாக்கிய நகையைக் கழுவாமல் அமிலக் கிண்ணத்தில் (சூடாக்கிய நகையின் கறையை எடுக்க வைத்திருக்கும் நீர்த்த அமிலம்) போடுவதும் அதே தவறுதான்.

அமிலத்தில் இருந்து எடுத்ததும் தங்கம் இளஞ்சிவப்பாக இருக்கிறது

பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் இருப்பதிலேயே எளிய கோளாறு இதுதான். தங்கத்தின் மேல் செம்பு படிந்திருக்கிறது. அமிலத்தில் ஏற்கெனவே கரைந்திருந்த செம்பு, இரும்புச் சாமணம் அல்லது கட்டுக்கம்பி உள்ளே போனதும் நகையின் மேல் முலாம்போல ஏறிவிடுகிறது. வெள்ளிப் பக்கத்திலும் ஏறியிருக்கும்.

புதிதாகக் கொஞ்சம் அமிலக் கரைசல் எடுத்து, அதே அளவு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து, நகையைச் சில நிமிடம் போட்டால் செம்பு கரைந்துவிடும். அதிலேயே மறந்து விட்டுவிடாதீர்கள். அந்தக் கலவை 92.5 வெள்ளியையும் மெல்ல மெல்ல அரிக்கும். வேலை முடிந்ததும் அதைப் பழைய கிண்ணத்தில் திருப்பி ஊற்றவும் வேண்டாம். இனிமேல் பிளாஸ்டிக், செம்பு அல்லது மரச் சாமணம் மட்டும்; கட்டுக்கம்பியை அவிழ்த்த பிறகே அமிலம். துணிச் சக்கரத்தில் தேய்த்தும் செம்பை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். போகும், கூடவே தங்கமும் போகும்.

மஞ்சள் வெளுத்து, லேசாகப் பச்சை அடிக்கிறது

இதுதான் கவலைப்பட வேண்டிய கோளாறு. தங்கமும் வெள்ளியும் எந்த விகிதத்திலும் ஒன்றில் ஒன்று கரையக்கூடிய உலோகங்கள். உருகவே வேண்டாம், திடமாக இருக்கும்போதே, சூடு ஏற ஏற அணுக்கள் இடம் மாறிக்கொண்டிருக்கும். தங்கத்தில் கால் பங்கு வெள்ளி சேர்ந்தால் நிறம் பச்சை கலந்த மஞ்சள். இன்னும் ஏறினால் வெளிறி, ஒரு கட்டத்தில் வெள்ளை.

ஆனால் ஒருமுறை பற்றவைத்ததற்கே தங்கம் காணாமல் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. முப்பது மைக்ரான் (0.03 மி.மீ.) படலம், முறையான சூட்டில், நாலைந்து நிமிடத்தில் வெளுக்காது. அப்படி வெளுத்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, தகட்டை நீங்கள் மிகவும் மெலித்துவிட்டீர்கள். படலம் ஐந்தாறு மைக்ரானுக்கு இறங்கிய பிறகு அடுத்தடுத்துப் பலமுறை சூடு காட்டினால் வெள்ளி மேலே வந்து சேர்ந்துவிடும். இரண்டாவது, சூடு எல்லை மீறியிருக்கிறது. தூய வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில். ஆனால் 92.5 வெள்ளியில் செம்பு இருப்பதால் 800 டிகிரியைத் தாண்டியதுமே அது உள்ளுக்குள் உருகத் தொடங்கிவிடுகிறது. திட வெள்ளிக்குள் தங்கம் போவது மெதுவான வேலை. பாதி உருகிய வெள்ளியில் அது கரைவதோ கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எது என்று கண்டுபிடிக்க நிறத்தை விட்டுவிட்டு மேற்பரப்பைப் பாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது, வெளுத்த இடம் மற்ற இடத்தைப் போலவே வழவழப்பாக, வெளுப்பு எல்லா இடத்திலும் சீராக இருந்தால், படலம் மெலிந்து வெள்ளி மேலேறியிருக்கிறது. வெளுத்த இடத்தில் பால் ஏடு சுருங்கியதுபோல நுண்ணிய சுருக்கங்கள் இருந்தால், அதுவும் ஓரத்திலோ மூலையிலோ மட்டும் இருந்தால், வெள்ளி அங்கே உருகத் தொடங்கியிருக்கிறது. ஓரமும் மூலையும்தான் முதலில் சூடேறும் இடங்கள்.

இரண்டையும் பழையபடி ஆக்க வழியில்லை. சுருக்கம் விழுந்த பகுதியை வெட்டி எறியுங்கள். சீராக வெளுத்ததை அப்படியே ஏற்கலாம், மேலே தங்க முலாம் பூசலாம், அல்லது கொரியாவின் கும்-பூ முறையில் சொக்கத் தங்கத் தாளை ஒட்டலாம். அதைப் பற்றி அடுத்த கோளாறில் சொல்கிறேன். திரும்ப வராமல் இருக்கத் தீயை வெள்ளிப் பக்கம் காட்டுங்கள். தங்கத்தின் பளபளப்பில் சூட்டின் நிறம் சரியாகத் தெரியாது. வெள்ளிப் பக்கத்தைப் பார்த்தே பதம் அறிய வேண்டும். அறையின் விளக்கைக் குறைத்துக்கொண்டால் 600 முதல் 650 டிகிரிக்குள் வெள்ளி மங்கிய சிவப்பாகத் தெரியும். பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரிகிறது என்றால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். நிறத்தை நம்பத் தயங்குபவர்கள் வெங்காரப் பசையை (பற்றாசு ஓட உதவும், போராக்ஸ் கலந்த பேஸ்ட் ஃபிளக்ஸ்) ஒரு மூலையில் தடவிவைக்கலாம். அது கண்ணாடி மாதிரித் தெளியும்போது சூடு ஏறத்தாழ 600 டிகிரி. தகட்டை மிருதுவாக்க அதற்கு மேல் கொஞ்சம் போனால் போதும்.

மேட்டிலும் விளிம்பிலும் வெள்ளை தெரிகிறது

தேய்மானம். சொட்டுச் சோதனையில் சட்டென்று, கூர்மையான எல்லையோடு கறுக்கும். பஃப் சக்கரம், மாவுக்கல், அரம் இவற்றில் ஏதோ ஒன்று தங்கத்தைத் தின்றிருக்கிறது.

சின்னத் தேய்வு என்றால், சுற்றியுள்ள தங்கத்தை எஃகு மெருகுக்கோலால் அழுத்தி இழுத்துக் கொஞ்சம் மூடலாம். ஊசிமுனை அளவுக்குப் பலிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பெரிய இடம் என்றால் கும்-பூ. வெளியே தெரியும் வெள்ளியைச் சூடாக்கி அமிலத்தில் போடுவதை நாலைந்து முறை திரும்பத் திரும்பச் செய்தால், மேலே உள்ள செம்பு போய்த் தூய வெள்ளியின் மெல்லிய தோல் உருவாகும். அதன் மேல் 24 காரட் தங்கத் தாளை வைத்து, 260 முதல் 370 டிகிரிக்குள் சூட்டை நிறுத்தி, அகேட் அல்லது எஃகுக் கோலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். 22 காரட் தகட்டில் இந்த ஒட்டு ஓரளவு மறைந்துவிடும். 18 காரட்டில் தெரியும். அங்கே ஒட்டை மறைக்கப் பார்ப்பதைவிட, அதையே ஒரு வடிவமாக வெட்டி ஒட்டிவிடலாம். இந்தத் தாள் வெறும் சில மைக்ரான். அதனால் இது கடைசி வேலை. இதற்குப் பிறகு பற்றவைக்கக் கூடாது.

அடுத்த முறைக்கு ஒரே விதி: தங்கப் பக்கத்தில் தேய்த்து எடுக்கும் வேலை எதுவும் இல்லை, அழுத்தும் வேலை மட்டும். மெருகுக்கோல், எஃகுக் குண்டுகள் போட்ட உருள் பீப்பாய், பித்தளைக் கம்பித் தூரிகையோடு சோப்புத் தண்ணீர் இவை போதும். பீப்பாயில் தேய்க்கும் கற்கள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வேலை முடியும்வரை தங்கப் பக்கத்தில் ஒட்டும் பிலிம் ஒன்றை ஒட்டிவைப்பது நல்லது. சூடு காட்டும்போது மட்டும் உரித்துவிட்டு, பசை மிச்சம் இல்லாமல் துடைத்துக்கொள்ளலாம். கீறலே விழாவிட்டால் தேய்க்கும் வேலையும் இல்லை.

இணைப்பைச் சுற்றி வெள்ளைத் திட்டு

வெள்ளிப் பற்றாசு தங்கத்தின் மேல் ஓடியிருக்கிறது. இதுவும் சொட்டுச் சோதனையில் கறுக்கும் என்பதால் தேய்மானம் என்று நினைக்க வாய்ப்புண்டு. எல்லையைப் பாருங்கள்: தேய்ந்த இடம் மேட்டில்தான் இருக்கும், பற்றாசு இணைப்பிலிருந்து தொடங்கிப் பள்ளத்தை நோக்கி வழிந்திருக்கும். விரல் நகத்தால் எல்லையில் வருடினால் சிறு மேடு தட்டுப்படும்.

அதைச் சுரண்டி எடுக்கும் முயற்சி அநேகமாக வீண். பற்றாசு ஓடிய இடத்தில் அதன் வெள்ளியும் செம்பும் துத்தநாகமும் தங்கத்தோடு கலந்தாகிவிட்டது. மேட்டை மட்டும் இதமாகத் தட்டையாக்கி, அந்த இடத்தைப் பொடிப்புள்ளி வேலைப்பாட்டாலோ, மேலே ஒரு சிறு இலை அல்லது மணி வைத்தோ மறைத்துவிடுங்கள். பற்றாசின் மேல் கும்-பூ நம்பகமாக ஒட்டாது. முலாம் ஒட்டும்.

ஓடாமல் தடுப்பது எப்படி என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பற்றாசு சூடு இருக்கும் திசைக்கு ஓடும். எண்ணெயும் அழுக்கும் இல்லாத, வெங்காரம் நனைத்த இடத்துக்கு ஓடும். இந்த இரண்டையும் நம் வசம் வைத்துக்கொண்டால் அது சொன்னபடி கேட்கும். தகட்டைக் கம்பி வலை மேல் வைத்துக் கீழிருந்து, அதாவது வெள்ளிப் பக்கமாக, தீ காட்டுங்கள். இணைப்பிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி, தங்கப் பரப்பு முழுவதும் மஞ்சள் காவியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். காவி இல்லையென்றால் ஒயிட்னர் வேலை செய்யும். நன்றாகக் காய்ந்த பிறகே தீ, ஜன்னலும் திறந்திருக்கட்டும். வெங்காரத்தை இணைப்பில் மட்டும், மெல்லிய தூரிகையால். காவிமேல் வெங்காரம் வழிந்தால் காவி கரைந்து இணைப்புக்குள் போய்விடும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் பற்றாசு பிடிக்காது. 'காவி பூசினேன், இப்போது ஒட்டவே மாட்டேன் என்கிறது' என்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

தங்கப் பரப்பின் மேல் கல் பதிக்கும் சுவரையோ சிறு உருவத்தையோ ஒட்ட வேண்டும் என்றால், பற்றாசுத் துண்டுகளை ஓரத்தில் வைக்காதீர்கள். ஒட்டப்போகும் பொருளின் அடிப்பக்கத்தில் முன்கூட்டியே பற்றாசை உருக்கிப் படியவைத்து, அரம் போட்டுக் காகிதம்போல மெலிதாக்கி, பிறகு தங்கத்தின் மேல் உட்காரவைத்துக் கீழிருந்து சூடாக்குங்கள். அடியில் பளிச்சென்று ஒரு கோடு ஓடும். அந்த நொடியிலேயே தீயை எடுத்துவிட வேண்டும். இன்னும் பாதுகாப்பானது, பொருளின் அடியில் கம்பிக் கால் வைத்து, தகட்டில் துளை போட்டு, பின்பக்கம் வெள்ளியில் பற்றவைப்பது. என்னைக் கேட்டால், தங்கப் பரப்பில் பற்றவைப்பதைத் தவிர்க்க வழி இருக்கும்போதெல்லாம் தவிர்த்துவிடலாம்; ஆணியடிப்பு, மடிப்புக் காது எல்லாம் அதற்குத்தானே இருக்கின்றன.

மோதிரத்தின் பொருத்து மட்டும் தனிப் பிரச்சினை. இரண்டு முனையும் சேரும் இடத்தில் வெள்ளிப் பற்றாசு மயிரிழையாகத் தங்கப் பக்கம் எட்டிப்பார்க்கும். முனைகளை வெளிச்சம் புகாத அளவுக்குப் பொருத்தி, 800 டிகிரிக்கு நன்றாகக் கீழே ஓடும் மஞ்சள் தங்கப் பற்றாசு வைத்தால் கோடு மங்கும். ஓடும் சூடு என்ன என்று விற்பவரின் குறிப்பைப் பார்த்தே வாங்குங்கள். காட்மியம் கலந்த பழைய வகை என்றால் தொடவே வேண்டாம், அதன் புகை விஷம். அளவு மாற்ற வெட்டினால் கோடு இரண்டாகிவிடும் என்பதையும் நகை போடுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சூடு காட்டியதும் கொப்புளம்

ஒட்டிய இடத்தில் எண்ணெயோ காற்றோ சிக்கியிருந்தால், அது விரிந்து தங்கத்தைத் தூக்கும். இது தகட்டில் இருந்தே வந்த குறை. நீங்கள் செய்த வேலையால் வந்ததல்ல. அதனால் புதுத் தகடு வந்ததும் ஓர் ஓரத்தை வெட்டி, 650 டிகிரிவரை சூடாக்கி, முன்னும் பின்னும் இரண்டு முறை மடக்கிப் பாருங்கள். கொப்புளமும் உரிதலும் இல்லையென்றால் மீதியை நம்பலாம்.

ஒரே ஒரு கொப்புளம், அதுவும் வேலை பாதியில் என்றால், அதன் ஓரத்தில் நுண்ணிய ஊசியால் குத்தி, காற்றை வெளியேற்றி, மெருகுக்கோலால் அழுத்திவிடலாம். பார்வைக்குச் சரியாகும், ஆனால் அடியில் ஒட்டியிருக்காது. அந்த இடத்தில் வளைவு, செதுக்கு வேலை எதையும் வைக்காதீர்கள். கொத்தாகக் கொப்புளம் வந்தால் தகட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

வளைத்த இடத்தில் விரிசல், அல்லது சொரசொரப்பு

இரண்டுக்கும் எதிரெதிர்க் காரணங்கள். விரிசல் என்றால் உலோகம் இறுகிப்போயிருக்கிறது. இடையில் காய்ச்சி மிருதுவாக்கவில்லை. ஆரஞ்சுப் பழத் தோல்போன்ற சொரசொரப்பு என்றால் மிக அதிகமாக, அல்லது மிக நீண்ட நேரம் காய்ச்சியிருக்கிறீர்கள். உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்துவிட்டன. வெள்ளியில் அதைத் தேய்த்து எடுக்கலாம். இங்கே முடியாது என்பதால் காய்ச்சும்போது கடிகாரத்தைப் பாருங்கள். பதம் வந்ததும் தீயை எடுத்து, சிவப்பு மங்கியதும் தண்ணீரில் போட்டுவிடுங்கள், 92.5 வெள்ளியை மெல்ல ஆறவிட்டால் 300 டிகிரிப் பக்கம் அது தானாகவே கொஞ்சம் இறுகும்.

தங்கம் வெளிப்பக்கமாக இருக்கும்படி மடக்கும்போது படலம்தான் அதிகம் இழுபடுகிறது. கூர்மடிப்பு வேண்டுமென்றால் வெள்ளிப் பக்கத்தில் வி வடிவப் பள்ளம் அராவி, மடக்கிய பின் உள்ளே பற்றாசு ஓட்டுங்கள். தங்கத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளி மிச்சம் இருக்கட்டும். தங்கப் பக்கம் மெல்லிய கோடு மேடாகத் தெரிய ஆரம்பித்த அந்தக் கணத்தில் அராவுவதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓர் இழுப்பு என்றால் அரம் மறுபக்கம் வந்துவிடும்.

தகடு தானாகச் சுருண்டுகொள்கிறது

ஒரு டிகிரிச் சூட்டுக்கு வெள்ளி பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு நீள்கிறது, தங்கம் சுமார் 14 பங்கு. சூடேறும்போது வெள்ளிப் பக்கம் புடைப்பதும், ஆறும்போது வேறுபக்கம் வளைவதும் இதனால்தான். மெல்லிய தகட்டில் நன்றாகவே தெரியும். ரோலிங் மில்லில் சுருள்வதற்குக் காரணம் வேறு. இரண்டு உலோகமும் ஒரே மாதிரி மிருதுவாக இல்லை. எதுவானாலும் மரச் சுத்தியல், அடியில் தோல் அல்லது வழவழப்பான எஃகுக் கட்டை, இவ்வளவுதான். பற்றவைக்கும் நடுவில் வளைந்தால் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். ஆறியதும் பாதி தானாக இறங்கிவிடும்.

பக்கவாட்டில் வெள்ளைக் கோடு

இது கோளாறே அல்ல, தகட்டின் குறுக்குவெட்டு. ஆனால் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். 1740-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தாமஸ் பௌல்சோவர் செம்பின் மேல் வெள்ளியை ஒட்டித் தகடு செய்தபோது அங்கும் இதே தலைவலி வந்தது. ஓரத்தில் தெரிந்த செம்புக் கோட்டை மறைக்க வெள்ளிக் கம்பியை ஒட்டினார்கள். நீங்களும் தங்கக் கம்பி ஒட்டலாம். அல்லது தங்கம் வெளியே வரும்படி ஓரத்தை உட்பக்கமாக மடித்துவிடலாம். ரம்பத்தால் அறுக்கும்போது தங்கப் பக்கம் மேலே இருக்கட்டும். பிசிறு வெள்ளிப் பக்கம் போகும், அங்கே தைரியமாக அராவலாம். அரத்தையும் தங்கத்தில் இருந்து வெள்ளி நோக்கித்தான் தள்ள வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் தங்கத்தின் ஓரம் கிளம்பிக்கொள்ளும்.

சூடாக்கியதும் சிறு குழிகள், ஓட்டைகள்

ஈயம். பழைய ஈயக் கட்டையில் வைத்துக் குமிழாக அடித்திருந்தாலோ, ஈயப் பற்றாசு ஒட்டிய கருவியில் பட்டிருந்தாலோ ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தீ பட்டதும் அது தங்கத்தையும் வெள்ளியையும் குறைந்த சூட்டிலேயே கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். விழுந்த குழிக்கு மருந்தில்லை. மரம், தோல் அல்லது நைலான் கட்டைக்கு மாறுங்கள். பித்தளைத் தகட்டால் வடிவம் பதித்தாலும், காய்ச்சும் முன் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துக் கழுவிவிட வேண்டும்.

வெள்ளிப் பக்கம் சாம்பல் திட்டு

வழக்கமான தீக்கறைதான், வெள்ளிக்குள் இருக்கும் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்தது. அது வெள்ளிப் பக்கம் என்பதால் உப்புத்தாள் தாராளமாகப் போடலாம். தங்கப் பரப்பைக் கவிழ்த்து வைக்கும் இடத்தில் மட்டும் மெத்தென்ற துணி இருக்கட்டும். முன்கூட்டித் தடுக்க, போரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து தோய்த்து எடுத்து, ஆல்கஹால் எரிந்து தீர்ந்த பிறகு வேலையைத் தொடங்கலாம். அந்தப் பாத்திரம் மூடப்பட்டு, தீயிலிருந்து எட்ட இருக்க வேண்டும்.

வெள்ளியைக் கறுக்க வைத்தேன், தங்கமும் மங்கிவிட்டது

கரைசல் அதிகச் சூடாகவோ அடர்த்தியாகவோ இருந்தால் தங்கத்தின் மேலும் பழுப்பு அல்லது வானவில் நிறத்தில் ஒரு படலம் உட்காரும். 18 காரட்டில் இது இன்னும் சுலபமாக நடக்கும். சமையல் சோடாவைக் குழைத்து விரலால் தேய்த்தால் போய்விட வேண்டும். போகாமல் திட்டாக நின்றால், அங்கே வெள்ளி மேலே வந்திருக்கிறது. வெளுத்த தகட்டுக்கும் தேய்ந்த விளிம்புக்கும் சொன்னதைப் பாருங்கள். நீர்த்த கரைசலில் பலமுறை முக்கி எடுப்பது, அடர்த்தியான கரைசலில் ஒரேமுறை போடுவதைவிட நல்லது.

அரித்து வடிவம் எடுக்கும்போது தங்கத்தின் ஓரம் தூக்குகிறது

ஃபெரிக் நைட்ரேட் கரைசல் வெள்ளியை அரிக்கும், தங்கத்தைத் தொடாது. அதனால் தங்கமே காப்புப் பூச்சாக நின்று, வடிவம் தானாக வரும் என்று எதிர்பார்ப்பது சரிதான். ஆனால் அரிப்பு கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் போகும். தங்கத்தின் அடியில் குடைந்துவிட்டால் ஓரம் இறக்கைபோல நிற்கும், துணியில் மாட்டும். ஆழம் வேண்டும் என்ற ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்கிய ஓரத்தை மெருகுக்கோலால் பள்ளத்துக்குள் வளைத்துப் படியவைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். கூடவே தங்கத்தில் முன்பே இருந்த ஒவ்வொரு கீறலும் ஊசித்துளையும் இப்போது வெளியே வரும். கரைசலில் போடும் முன் அவற்றை வார்னிஷ் தொட்டு மூடிவிடுங்கள்.

கடைசியாகத் துண்டும் தூளும். இவற்றை வெள்ளித் தூளோடு சேர்த்து உருக்கினால் பெயர் தெரியாத வெளிறிய கட்டி ஒன்றுதான் கிடைக்கும். அதைத் தகடாக்கினால் அது 92.5 வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை, பற்றவைக்கும் சூடும் கணிக்க முடியாது. தனி டப்பாவில் சேர்த்து, சுத்திகரிப்பவரிடம் கொடுக்கும்போது 'தங்கம் ஒட்டிய வெள்ளி' என்று எழுதிக் கொடுங்கள். நகத்தளவு துண்டுகளை மட்டும் அதில் போடாமல் எடுத்து வையுங்கள். அடுத்த தகடு வரும்போது தீயின் பதம் பார்க்க அவை உதவும்.